முதுகுக்குப் பின்னால் இருக்கும் கனி

நேப்பிள்ஸ் நகரத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒரு சிலையின் முன்னால் வந்து நிற்பவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்கிறார்கள். பளிங்கில் செதுக்கிய ஆள். மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். தோளும் மார்பும் பாறைகளை அடுக்கி வைத்தது போலத் திரண்டிருக்கின்றன. ஆனால் தலை தொங்கியிருக்கிறது. இடது அக்குளுக்கு முட்டுக் கொடுத்தாற்போல் ஒரு முரட்டுத் தடி, அதன்மேல் சிங்கத்தோல். உடம்பின் பாரமெல்லாம் அதில் சாய்ந்திருக்கிறது. இடது கை துவண்டு தொங்குகிறது. வலது கையைக் காணோம். அது முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது.

பின்பக்கம் சுற்றிப் போனால்தான் விஷயம் தெரியும். அந்தக் கைக்குள் ஆப்பிள்கள் இருக்கின்றன. உலகத்தின் மேற்குக் கோடியில், ஹெஸ்பெரிடஸ் கன்னியரின் தோட்டத்தில் விளைந்த பொற்கனிகள். அவற்றைக் கொண்டுவருவது ஹெராக்ளீஸுக்கு இடப்பட்ட கடைசிப் பணிகளில் ஒன்று. ஆக இவன் தோற்று நிற்கவில்லை. எவனாலும் முடியாது என்று சொல்லப்பட்டதை முடித்துவிட்டு வந்து நிற்கிறான். முன்னால் நிற்பவருக்குத் தெரிவது களைப்பு. பின்னால் போனவருக்குத் தெரிவது வெற்றி. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாதபடி சிற்பி அமைத்திருக்கிறான்.

சிலையில் 'ஏதென்ஸ் நகரத்து கிளைகான் செய்தது' என்ற பொருளில் கையெழுத்து இருக்கிறது. கி.பி. 216-இல் ரோமில் திறக்கப்பட்ட கரகல்லா குளியல் மாளிகையை அலங்கரிக்கச் செய்த சிலை இது. 1546-இல் அந்த இடிபாடுகளில் கிடைத்து, போப் மூன்றாம் பவுலின் ஃபர்னேசி குடும்பத்துக்குச் சொந்தமானது. ஆனால் உருவத்தைக் கற்பனை செய்தவன் கிளைகான் அல்ல. அவனுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், அலெக்சாண்டரின் காலத்தில் வாழ்ந்த லைசிப்பஸ் வெண்கலத்தில் வார்த்த மூலத்தைப் பின்பற்றித்தான் கிளைகான் செதுக்கினான். கிளைகான் மட்டுமல்ல, பழைய உலகம் முழுவதும் அந்த உருவத்தைப் பெரிதாகவும் சிறிதாகவும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டது. சண்டை போடும் ஹெராக்ளீஸுக்குப் பஞ்சமில்லாத காலத்தில், சாய்ந்து நிற்கும் ஹெராக்ளீஸை இத்தனை பேர் ஏன் கேட்டு வாங்கினார்கள்?

டச்சுக் கலைஞர் ஹென்ட்ரிக் கோல்ட்ஸியஸ் 1590-களில் ரோமுக்குப் போய் இந்தச் சிலையைப் பார்த்தார். பிறகு அவர் செதுக்கிய அச்சுச் சித்திரம் முதுகுப் பக்கத்தைக் காட்டுகிறது. படத்தின் நடுவே பெரிய முதுகும் கனிகளைப் பிடித்த கையும். கீழே ஓரமாக, சிலைக்கு முன்னால் நிற்கும் இருவரின் அண்ணாந்த முகங்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள், கனியைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்ப்பவர் கனியைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கவில்லை. சிலையைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களைவிட இந்த ஒரு படம் அதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்தக் கனிகள் யாரிடமும் தங்கவில்லை. பழைய தொன்மத் தொகுப்பு ஒன்று சொல்கிறபடி, வேலை ஏவிய மன்னன் யூரிஸ்தியஸ் அவற்றை ஹெராக்ளீஸிடமே திருப்பிக் கொடுத்தான். ஹெராக்ளீஸ் அவற்றை அதீனா தேவியிடம் கொடுத்தான். புனிதமான அந்தப் பொருளை வேறெங்கும் வைத்திருக்கக் கூடாது என்பதால் அவள் தோட்டத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். வானத்தைத் தோளில் தாங்கிச் சம்பாதித்தது புறப்பட்ட இடத்துக்கே போய்விட்டது. மிச்சம் என்று சொல்ல இருப்பது அந்தத் தளர்ந்த உடம்புதான்.

கிரேக்க மொழியில் 'போனோஸ்' என்று ஒரு சொல். உழைப்பு என்றும் பொருள், வேதனை என்றும் பொருள். தமிழில் 'பாடு' அப்படித்தான். பாடுபட்டான் என்றால் உழைத்தான்; படாத பாடு பட்டான் என்றால் வதைபட்டான். வேலைக்கும் வலிக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டவர்களுக்கு, வேலை முடிந்ததும் வலி முடிந்துவிடாது என்பது தெரிந்திருக்கும். பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு எழுந்து, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும். வருஷக்கணக்கில் நோயாளியைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் முடிந்து வீடு அமைதியான பிறகு கை கால் ஓடாமல் நிற்கும் மகளுக்கும் தெரியும். சுற்றியிருப்பவர்கள் 'நல்லபடியாக முடிந்ததே, இன்னும் என்ன?' என்பார்கள். அவர்கள் கோல்ட்ஸியஸின் படத்தில் கீழே நிற்கும் அந்த இருவரைப் போல. அவர்கள் பார்ப்பது ஒரு பக்கம் மட்டும்தான்.

கிரேக்கக் கலையும் தொடக்கத்தில் வெற்றியின் பக்கமே நின்றது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் குயவர்கள் வனைந்த ஜாடிகளில் ஹெராக்ளீஸ் ஓய்வதே இல்லை. நெமியாவின் சிங்கத்தோடு அவன் கட்டிப்புரளும் காட்சி மட்டும் நூற்றுக்கணக்கான பானைகளில் உண்டு. காட்டுப்பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவான்; யூரிஸ்தியஸ் பயந்துபோய்த் தரையில் புதைத்த பெரிய தாழிக்குள் ஒளிந்து, தலையையும் கைகளையும் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பான். வீட்டுப் பாத்திரத்தில் வரைந்து விருந்தில் சிரித்து ரசித்த காட்சிகள் இவை. களைப்புக்கு அங்கே அவ்வளவாக இடமில்லை.

இடம் கிடைத்தது ஒலிம்பியாவில். ஊர் ஊராக வந்து ஓட்டக்காரர்களும் மல்லர்களும் மோதிய அந்த மண்ணில், கி.மு. 470 அளவில் தொடங்கி ஏறத்தாழ 457-க்குள் ஜீயஸுக்கு ஒரு கோயில் எழுந்தது. எலிஸ் நாட்டு லிபான் கட்டிய கோயில். உள்வாயில் முகப்பின் உத்திர வரிசையில் ஆறு, பின்பக்க முகப்பில் ஆறு என்று பன்னிரண்டு சதுரப் பலகைகள். ஒவ்வொன்றும் சுமார் 1.6 மீட்டர் உயரம். பலகைக்கு ஒரு பணியாக ஹெராக்ளீஸின் பன்னிரண்டு பணிகளும் அங்கே புடைப்புச் சிற்பங்களாகின. நிலநடுக்கத்தில் கோயில் சரிந்தது. 1829-இல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் கிடைத்த துண்டுகளில் சிலவற்றைப் பாரிஸுக்கு எடுத்துப் போனார்கள். 1875-இல் தோண்டத் தொடங்கிய ஜெர்மானியர்கள் மற்றவற்றைக் கண்டெடுத்தார்கள். பலகைகள் இன்றும் லூவருக்கும் ஒலிம்பியாவுக்கும் இடையே பிரிந்துதான் கிடக்கின்றன.

முதல் பணி சிங்கம். எல்லாப் பானை ஓவியர்களும் கட்டிப்புரண்ட இடத்தில் இந்தச் சிற்பி கட்டிப்புரளவில்லை. சண்டை முடிந்துவிட்டது. சிங்கம் செத்துக் கிடக்கிறது. அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, தொடையில் முழங்கையை ஊன்றி, கையில் கன்னத்தைத் தாங்கி நிற்கிறான் ஒரு பையன். ஆமாம், பையன்தான், இந்தப் பலகையில் மட்டும் அவனுக்குத் தாடி இல்லை. செத்த மிருகத்தின்மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வேட்டைக்காரனின் நிமிர்வு இவனிடம் துளியும் இல்லை. கால் வைத்திருப்பது கம்பீரத்துக்காக அல்ல, தலையைத் தாங்கும் கைக்கு ஒரு முட்டு வேண்டுமே என்பதற்காக. இன்னும் பதினொன்று இருக்கிறது. அது அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ, பார்ப்பவருக்குத் தெரியும்.

எதிரே அதீனா நிற்கிறாள். அவள் எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான்.

ஸ்டிம்ஃபாலஸ் ஏரியின் கொடிய பறவைகளைக் கொன்ற பலகையில் அவள் இன்னும் நெருக்கமாகிறாள். தலைக்கவசம் இல்லை, காலில் செருப்பில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். வேலை முடிந்து வந்தவன் கொன்ற பறவைகளை அவளிடம் நீட்டுகிறான். அவள் திரும்பி வாங்கிக்கொள்கிறாள். போர்த் தெய்வமாக அறியப்பட்டவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூத்த அக்காவைப் போல இருக்கிறாள்.

பிறகு வருகிறது, அந்த வரிசையிலேயே ஆழமான பலகை. வானத்தைச் சுமப்பவன் அட்லஸ். அவன் போய் ஆப்பிள் பறித்து வரும்வரை ஹெராக்ளீஸ் வானத்தைத் தாங்க வேண்டும். எழுத்தில் வந்த கதையில் இது தந்திரக் கதை. திரும்பி வந்த அட்லஸ் வானத்தை மறுபடி வாங்கிக்கொள்ள மறுக்கிறான். தோளுக்குச் சும்மாடு வைத்துக்கொள்ளும்வரை கொஞ்சம் பிடி என்று சொல்லி ஹெராக்ளீஸ் அவனை ஏமாற்றிவிட்டுக் கிளம்புகிறான். சிற்பி அந்தத் தந்திரத்தை விட்டுவிட்டு, சும்மாட்டை மட்டும் வைத்துக்கொண்டான். மடித்த மெத்தை போன்ற ஒன்று ஹெராக்ளீஸின் தோளில் இருக்கிறது. இரு கைகளையும் உயர்த்தி, உடம்பு விறைத்துத் தாங்குகிறான். எதிரே அட்லஸ் இரண்டு கைகளிலும் ஆப்பிள்களை நீட்டிக்கொண்டு வருகிறான். ஹெராக்ளீஸின் முதுகுக்குப் பின்னால் அதீனா, தூண் போல நேராக விழும் ஆடையில், இடது கையை மட்டும் உயர்த்தி வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு அது பாரமே இல்லை.

அவள் நினைத்தால் ஒரு கையால் மொத்தத்தையும் தூக்கிவிடலாம் என்பதை அந்தக் கையின் இலகுவே காட்டுகிறது. ஆனாலும் அவனிடமிருந்து சுமையை வாங்கிக்கொள்ளவில்லை. கை கொடுக்கிறாள், அவ்வளவே. சுமப்பது அவன்தான். சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவள். ஒருவருடைய வேலையைப் பிடுங்கிக்கொள்ளாமல் அவருக்கு உதவுவது எவ்வளவு கடினம் என்று, வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு சிற்பி அதை ஒரு பெண்ணின் உயர்ந்த இடது கையில் சொல்லிவிட்டான். அவன் பெயர்கூட இன்று தெரியாது.

இந்தத் துணை திடீரென்று ஒலிம்பியாவில் முளைத்ததும் அல்ல. மியூனிக்கில் ஒரு ஜாடி இருக்கிறது, ஆண்டோகிடிஸ் ஓவியன் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் கலைஞனுடையது, கி.மு. 520-க்குப் பிந்தியது. அதன் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே காட்சி, ஒன்று கருப்பு உருவ முறையில், இன்னொன்று அப்போதுதான் புதிதாக வந்திருந்த சிவப்பு உருவ முறையில். ஹெராக்ளீஸ் கட்டிலில் சாய்ந்திருக்கிறான். பின்னால் திராட்சைக் கொடி படர்ந்திருக்கிறது. எதிரே அதீனா. சிவப்புப் பக்கத்தில் அவள் கையில் ஒரு பூ. அவனுக்கு மதுவும் உணவும் இருக்கின்றன. செய்ய வேண்டியது எதுவும் இல்லை. பெரும் வீரன் ஒருவன் ஒன்றும் செய்யாமல் இருப்பதை அந்த ஜாடி இரண்டு தடவை காட்டுகிறது.

அதே அதீனா துணை வராத வீரனும் உண்டு. அவன் பெயர் அஜாக்ஸ். ட்ராய் போரில் அகில்லிஸுக்கு அடுத்த பலசாலி. அகில்லிஸ் இறந்தபின் அவனுடைய ஆயுதங்கள் தனக்கு வரும் என்று நம்பியிருந்தான், ஒடிசியஸுக்குப் போய்விட்டன. அவமானத்தில் பழிவாங்கக் கிளம்பியவனின் அறிவை அதீனாவே மயக்கினாள். எதிரிகள் என்று நினைத்து ஆடுமாடுகளை வெட்டிக் குவித்தான். தெளிந்தபின் உயிரோடு இருக்க அவனால் முடியவில்லை.

மற்ற ஓவியர்கள் பலரும் அவன் வாளில் பாய்ந்து கிடப்பதையே வரைந்தார்கள். எக்ஸீகியாஸ் வரையவில்லை. கி.மு. 530-களை ஒட்டி அவர் தீட்டிய ஜாடி பிரான்ஸின் பூலோன்-சுர்-மேர் நகரில் இருக்கிறது. அதில் இரத்தம் இல்லை. ஒரு மனிதன் குந்தி உட்கார்ந்து மண்ணைக் குவிக்கிறான். நாற்று நடுபவனைப் போல நிதானமாக, வாளின் பிடியைச் சுற்றி மண்ணைத் தட்டிக் கெட்டியாக்குகிறான். வாள்முனை மேலே பார்த்திருக்கிறது. நெற்றியில் சுருக்கக் கோடுகள். ஒருபுறம் ஒரு பேரீச்சை மரம். மறுபுறம் சாய்த்து வைத்த கேடயமும் அதற்குமேல் தலைக்கவசமும். ஆளில்லாத அந்தக் கவசம் அவன் பக்கம் திரும்பியிருக்கிறது. காட்சியில் வேறு யாரும் இல்லை. ஜாடியின் அந்தப் பரப்பில் நிறைய இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது.

பலத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. பட்ட பாட்டிலும் குறைவில்லை. ஒலிம்பியாவின் பலகையில் ஒருவர் நிற்க இடம் இருந்தது. எக்ஸீகியாஸின் ஜாடியில் அந்த இடம் காலி.

அந்தக் காலியிடத்துக்கு ஒரு பெண் வந்து சேர்வதை வேறொருவன் வரைந்தான். கலிஃபோர்னியாவின் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு மதுக்கிண்ணத்தின் உட்பக்கத்தில், பிரைகோஸ் ஓவியன் தீட்டியது. கி.மு. 490 வாக்கில். அஜாக்ஸ் மல்லாந்து கிடக்கிறான். அவனோடு வாழ்ந்த டெக்மெஸா ஓடி வந்து, இரண்டு கைகளாலும் ஒரு பெரிய துணியை விரித்து அவன்மேல் போர்த்துகிறாள். மதுவைக் குடித்து முடிப்பவர் கண்ணுக்குக் கிண்ணத்தின் அடியில் அந்தப் போர்வை தெரியும். வந்துவிட்டாள். தாமதமாக.

ஹெராக்ளீஸின் கதையிலும் இருட்டு இருக்கிறது, அஜாக்ஸுடையதைவிடப் பெரிய இருட்டு. ஹேரா தேவி ஏவிய பித்தில் அவன் தன் பிள்ளைகளைத் தன் கையாலேயே கொன்றான். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் பன்னிரண்டு பணிகளும் வந்தன என்பது ஒரு மரபு. மாட்ரிட்டில் உள்ள ஒரு மதுக்கலயத்தில் இக்காட்சி இருக்கிறது. தென் இத்தாலியின் பெஸ்டம் நகரத்து அஸ்டெயஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டின் நடுவில் கையெழுத்திட்டு வரைந்தது. வீட்டுச் சாமான்களைக் குவித்துத் தீ வைத்திருக்கிறான் தகப்பன். கையில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தீயை நோக்கிப் போகிறான்; குழந்தை அவன் முகத்தை நோக்கிக் கையை நீட்டுகிறது. தாய் மெகாரா தலையில் கை வைத்துக்கொண்டு பாதி திறந்த கதவுக்குள் தப்பி ஓடுகிறாள். சிங்கத்தை நெரித்த அதே கைகள்தான்.

கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் ஹெராக்ளீஸைப் பற்றிய தன் நாடகத்தில் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பித்தைப் பணிகளுக்குப் பின்னால் தள்ளினார். எல்லா வேலையையும் முடித்து வீடு திரும்பிய அன்றைக்கே குடும்பம் அவன் கையால் அழிகிறது. பரிகாரம் செய்ய இனிப் பணிகளும் மிச்சமில்லை. அஜாக்ஸைப் போலவே அவனும் சாகத்தான் நினைக்கிறான். அப்போது அவன் நண்பன் தீசியஸ் வருகிறான். கொலைக்கறை தொட்டால் ஒட்டும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அதைப் பற்றிக் கவலைப்படாமல் நண்பனைத் தொட்டுத் தூக்குகிறான். தன் ஊருக்கு வா என்று தோள் கொடுத்து அழைத்துப்போகிறான். வானத்தைச் சுமந்தவன் இன்னொருவன் தோளில் சாய்ந்து மேடையை விட்டுப் போவதோடு நாடகம் முடிகிறது.

இதையெல்லாம் அறிந்த காலத்தில் வாழ்ந்தவன் லைசிப்பஸ். அவன் நின்ற கோலத்தில் மட்டும் களைப்பைச் செய்யவில்லை. தென் இத்தாலியின் டாரென்டம் நகருக்காகப் பிரம்மாண்டமான ஒரு வெண்கல ஹெராக்ளீஸை உட்கார்ந்த நிலையில் வார்த்தான். கி.மு. 209-இல் ஊரைப் பிடித்த ரோமத் தளபதி ஃபேபியஸ் மேக்ஸிமஸ் அதை ரோமுக்குக் கொண்டுபோனார். பிற்பாடு அது கான்ஸ்டான்டினோபிள் போய்க் குதிரைப் பந்தய அரங்கில் நின்றது. 1204-இல் சிலுவைப் போர் வீரர்கள் நகரைச் சூறையாடி, காசு அடிப்பதற்காக அதை உருக்கிவிட்டார்கள். பார்த்து வைத்த வரலாற்றாசிரியர் நிக்கிடாஸ் கோனியேட்டஸ் எழுதி வைத்ததால்தான் அதன் கோலம் தெரிகிறது. ஒரு கூடையின் மேல் சிங்கத்தோலை விரித்து உட்கார்ந்திருந்தான். ஆயுதம் ஏதும் இல்லை. மடக்கிய இடது முழங்காலில் முழங்கையை ஊன்றி, உள்ளங்கையில் தலையைச் சாய்த்து, தன் பாடுகளை நினைத்து நொந்திருந்தான். அவன் கட்டைவிரலைச் சுற்றும் நூல் ஒரு மனிதனுக்கு அரைக்கச்சை ஆகும் என்கிறார் கோனியேட்டஸ். கூடை ஔகியஸ் மன்னனின் தொழுவத்தில் சாணம் அள்ளியது என்று கொள்கிறார்கள். அவ்வளவு பெரிய வெண்கலத்தை வார்த்து, உட்கார வைத்த இடம் சாணக்கூடை.

களைப்பைப் பிடிக்காத ரசிகர்களும் இருந்தார்கள். ரோமப் பேரரசன் கொமோடஸ் தன்னையே ஹெர்குலிஸ் (ஹெராக்ளீஸின் ரோமப் பெயர்) என்று அழைத்துக்கொண்டான். அவனுடைய மார்பளவுச் சிலை ரோமின் கேபிடலைன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலையில் சிங்கத்தோல், தோளில் தடி, சீவி முடித்த சுருள் தாடி. பளிங்கை வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்கள். ஆப்பிள்களும் உண்டு. ஆனால் முதுகுக்குப் பின்னால் அல்ல. இடது கையில், எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் நீட்டியிருக்கிறான். பெற்ற பரிசு இருக்கிறது, பட்ட பாட்டின் சுவடு ஒன்றுகூட அந்த முகத்தில் இல்லை. கி.பி. 192-இன் கடைசி நாளில் ஒரு மல்லனைக் கொண்டு அவனை நெரித்துக் கொன்றார்கள்.

ஹெர்குலேனியத்தில் வெசுவியஸ் எரிமலை வெடிப்பில் புதைந்திருந்த ஒரு சுவரோவியம் வேறு மாதிரி. பயணத்தில் இருக்கும் ஹெராக்ளீஸ் நின்று கீழே பார்க்கிறான். ஒரு பெண்மான் குழந்தை ஒன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அது டெலிஃபஸ், தனக்குப் பிறந்ததே தெரியாமல் அவன் விட்டுப்போன மகன். ஆர்கேடியா நாட்டின் உருவாக ஒரு பெண் பாறையில் அமர்ந்து வேறெங்கோ பார்த்திருக்கிறாள். குழந்தைக்குப் பால் மட்டுமே குறி. மேலே நிற்பவன் யாரைக் கொன்றான், எதைச் சுமந்தான் என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

உட்கார்ந்திருக்கும் ஹெராக்ளீஸ் கிழக்கேயும் வெகுதூரம் வந்தான். இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் வடபகுதியை உள்ளடக்கிய பாக்ட்ரியாவை கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட கிரேக்க மன்னன் யூதிடிமஸின் வெள்ளிக் காசில் பின்பக்கம் அவன்தான்: பாறையில் அமர்ந்து, தடியைப் பிடித்தபடி இளைப்பாறுகிறான். முன்பக்கத்தில் மன்னனின் முகம். பிற்காலக் காசுகளில் கன்னம் தொங்கி, கழுத்து தடித்து, வயது ஏறியதை மறைக்காமல் பொறித்திருக்கிறார்கள்.

அங்கிருந்து ஹத்தாவுக்கு. ஜலாலாபாத்துக்கு அருகே தபா ஷோதோர் என்ற இடத்தில் ஒரு பௌத்த விகாரை இருந்தது. அதன் சுவர்மாடம் ஒன்றில், மண்ணில் பிசைந்து செய்த சிற்பத் தொகுதி. நடுவில் புத்தர். பக்கத்தில் அவரைக் காக்கும் வஜ்ரபாணி. தாடி வைத்த முகம், திரண்ட உடற்கட்டு, இடது தோளில் சிங்கத்தோல். தடி இருந்த கையில் வஜ்ராயுதம். லைசிப்பஸின் உருவம் அறிந்த எவருக்கும் அது யாரென்று உடனே தெரியும். ஆப்கான் போர்க்காலத்தில் விகாரையோடு அதுவும் அழிந்துபோனது, புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றில் அவன் யாரோடும் சண்டையிடவில்லை, எதையும் தூக்கவில்லை, எதன்மேலும் சாய்ந்திருக்கவில்லை. ஒலிம்பியாவில் அதீனா இருந்தாளே, அந்த இடத்தில், இன்னொருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.